உப்புக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்



இந்த மாதம் உப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். சமையற் குறிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். நாம் விரலால் கிள்ளிக் கறிக்குப் போடுகிற அந்த உப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விடயம். அணு, அயன், இலத்திரன் என்று சில சொற்கள் வரும். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் இந்தச் சொற்களைக் கண்டு புரட்டியவள்தான்.

சமூகவியல் படித்தவளுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

சம்பூரில் எங்கள் பெண்கள் குழுவின் கூட்டம் முடிந்து, கடன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அக்கா போகாமல் நின்றார். கணவரை யுத்தத்தில் இழந்தவர். மகள் பத்தாம் வகுப்பு.

"மிஸ், பிள்ளை விஞ்ஞானம் விளங்கேல்ல எண்டு அழுறாள். அணுவாம், அயனாம், எனக்கென்ன தெரியும்? நான் எட்டாம் வகுப்போட நிண்டவள். ரியூசனுக்கு மூதூருக்கு அனுப்பக் காசுமில்ல, தனிய விடப் பயமுமாக் கிடக்கு. நீங்க படிச்சனீங்கதானே, ஒருக்கா சொல்லிக் குடுங்க."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏனென்றால் அந்தப் பாடத்தை நான் படிக்கவேயில்லை. 2006 ஏப்ரலில் சம்பூரில் குண்டுகள் விழத் தொடங்கியபோது நானும் அந்தப் பிள்ளையின் வயதில்தான் இருந்தேன். ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று ஓடி, 2007இல் கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். புத்தகப் பை வழியில் எங்கேயோ போய்விட்டது. முகாமிலிருந்து சாதாரண தரம் எழுதினேன். விஞ்ஞானத்துக்கு வெறும் 'எஸ்' சித்தி. பிறகு கலைப் பிரிவு, பல்கலைக்கழகம், பட்டம் எல்லாம் வந்தது. ஆனால் விஞ்ஞானம் என்றால் 'அது எனக்கானதல்ல' என்று ஒதுக்கிவிடுவேன். எங்களில் எத்தனை பேர் இப்படி ஒதுங்கினோம்! அது எங்கள் மூளையின் குறை அல்ல, விட்டுப்போன பாடம்.

"ஓம் அக்கா, பாப்பம்" என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு இலவசப் பாடநூலை அந்தப் பிள்ளையிடமே வாங்கிக்கொண்டு போய் இரண்டு வாரம் படித்தேன். விளங்காத இடங்களை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கேட்டேன். அடுத்த ஞாயிறு, வேப்பமரத்தடியில், அந்த அக்கா, மகள், இன்னும் ஆறேழு பெண்கள். கையில் ஒரு சுண்டு புளியங்கொட்டை.

முதலில் அணு என்றால் என்ன? ஒரு பொருளை நுணுக்கிக்கொண்டே போனால், அந்த மூலகத்தின் குணம் மாறாமல் எஞ்சும் மிகச் சிறிய துண்டு. எவ்வளவு சிறியது? ஒரு கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மேலும் ஆயிரத்தால் பெருக்குங்கள். ஒரு சின்ன உப்புத் துகளில் அதைவிடக் கூடுதலான அணுத்துண்டுகள் இருக்கின்றன. நடுவில் கரு. அதற்குள் நேர் ஏற்றமுள்ள புரோத்தன்களும் ஏற்றமில்லாத நியூத்திரன்களும். கருவுக்கு வெளியே மறை ஏற்றமுள்ள இலத்திரன்கள். 1897இல் இலத்திரனை இங்கிலாந்தில் ஜே. ஜே. தொம்சன் கண்டுபிடித்தார். 1911இல் கரு இருப்பதை ரதபோர்ட் காட்டினார். சாதாரண அணுவில் புரோத்தன் எத்தனையோ, இலத்திரனும் அத்தனை. அதனால் மொத்தத்தில் ஏற்றம் இல்லை.

மண்ணில் ஒரு கல்லை வைத்து அதைச் சுற்றி மூன்று வட்டம் கீறினேன். கல்தான் கரு. வட்டங்கள் இலத்திரன்கள் இருக்கும் ஓடுகள், அல்லது சக்தி மட்டங்கள். முதல் வட்டத்தில் 2 பேருக்குத்தான் இடம். இரண்டாவதில் 8 பேர். மூன்றாவதிலும் நம்முடைய இந்தக் கணக்குக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே நிரம்பிய பிறகுதான் வெளியே உட்கார வேண்டும்.

சோடியத்துக்கு 11 இலத்திரன். அக்காவிடம் 11 கொட்டையைக் கொடுத்தேன். 2 வைத்தார், 8 வைத்தார், கையில் ஒன்று மிஞ்சியது. அதை மூன்றாவது வட்டத்தில் தனியே வைத்தார். 2, 8, 1. மகளிடம் 17 கொட்டை. அது குளோரீன். 2, 8, பிறகு 7. இதைத்தான் புத்தகம் 'இலத்திரன் நிலையமைப்பு' என்று சொல்கிறது. அவ்வளவுதான். பெயர்தான் பெரிது.

இரண்டு படத்தையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளி வட்டம் நிறைய ஒன்று குறைவு ஒரு பக்கம். தனியாக ஒன்று தொங்கிக்கொண்டிருப்பது மறுபக்கம். நான் வாய் திறக்கும் முன்பே ஒரு பெரியம்மா எட்டி அந்த ஒற்றைக் கொட்டையை எடுத்து மற்ற வட்டத்தில் வைத்துவிட்டார். "இதுக்கென்ன யோசிக்கிறது? அங்க மிச்சம், இங்க குறை." நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த அரைப் பக்க விளக்கத்தை நான் மடித்து வைத்தேன்.

அவர் செய்ததுதான் உப்பு உருவாகும் விதம். சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுத்துவிடுகிறது. இப்போது அதனிடம் 11 புரோத்தன், 10 இலத்திரன். ஒரு நேர் ஏற்றம் கூடுதல். குளோரீன் வாங்கிக்கொள்கிறது. 17 புரோத்தன், 18 இலத்திரன். ஒரு மறை ஏற்றம் கூடுதல். இப்படி ஏற்றம் பெற்ற அணுவுக்குத்தான் அயன் என்று பெயர். நேர் ஏற்றமுள்ளது கற்றயன். மறை ஏற்றமுள்ளது அன்னயன். நேரும் மறையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்போது கிடைப்பது சோடியம் குளோரைட்டு என்ற சேர்வை. அதுதான் நம்முடைய உப்பு. 'அயன்' என்ற சொல்லை 1834இல் மைக்கல் பரடே என்ற விஞ்ஞானி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் அதன் பொருள் 'போவது', 'நடந்து செல்வது'. கரைசலில் மின்னைச் செலுத்தினால் இவை ஒரு முனையை நோக்கி நகர்ந்து போகின்றன, அதனால் அந்தப் பெயர். இதைச் சொன்னதும் பின்னால் ஒருவர், "அப்ப நாங்களும் அயன்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த இடத்தில் மகள் ஒரு கேள்வி கேட்டாள். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "மிஸ், நியோனுக்கும் 10 இலத்திரன்தானே. அப்ப ஒண்டைக் குடுத்தாப் பிறகு சோடியம் நியோனா மாறிடுமா?"

மாறாது. நியோனின் கருவில் 10 புரோத்தன். சோடியத்தின் கருவில் இப்போதும் 11. ஒரு மூலகம் எது என்பதைத் தீர்மானிப்பது கருவிலுள்ள புரோத்தன் எண்ணிக்கை. அதைத்தான் அணுவெண் என்கிறோம். சமையலறையில் நடக்கும் எந்த மாற்றத்தாலும் அது அசையாது. ஆனால் அது மற்றவற்றோடு எப்படிப் பழகும் என்பதை முடிவுசெய்வது வெளி வட்டத்து இலத்திரன்கள். கல்லைத் தொட்டுக் காட்டினேன். இடையில் யாரும் கல்லை மாற்றவில்லையே என்று. பிள்ளையின் முகம் தெளிந்தது.

பழகும் விதம் எவ்வளவு மாறும் என்பதற்கு இந்த உப்பைவிட வேறு சாட்சி வேண்டாம். தனிச் சோடியம் ஓர் உலோகம். கத்தியால் வெட்டக்கூடிய அளவு மென்மை. 1807இல் ஹம்ப்ரி டேவி என்பவர்தான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அதை எண்ணெய்க்குள் போட்டு வைக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் சீறி ஓடித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தனிக் குளோரீனோ மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. முதலாம் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே அதைக் காற்றில் திறந்துவிட்டுப் போர்வீரர்களின் நுரையீரலை எரித்தார்கள். அப்படிப்பட்ட இரண்டும், ஓர் இலத்திரன் இடம் மாறியதும், பிள்ளைக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டுகிற பொருளாகிவிடுகின்றன. உப்பில் அந்த உலோகமும் இல்லை, அந்த வாயுவும் இல்லை. அயன்கள்தான் இருக்கின்றன.

இன்னொரு சந்தேகமும் வந்தது. எந்தச் சோடியம் எந்தக் குளோரீனுக்குக் கொடுத்தது, ஒன்றுக்கொன்று சோடியா? அப்படி இல்லை. உப்புப் பளிங்குக்குள் ஒவ்வொரு சோடியம் அயனைச் சுற்றியும் 6 குளோரைட்டு அயன்கள், ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் 6 சோடியம் அயன்கள். பன்னப்பாயின் பின்னல் போல, ஆனால் எல்லாத் திசையிலும். தண்ணீர் அப்படியல்ல. ஒட்சிசனுக்கு வெளி வட்டத்தில் 6, ஐதரசனுக்கு 1. இங்கே யாரும் முழுதாகக் கொடுப்பதில்லை, இரண்டு பேரும் வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பங்கீட்டுப் பிணைப்பு என்று பெயர். (வட்டம், கொட்டை என்பதெல்லாம் கணக்கு விளங்குவதற்காகத்தான். உண்மையில் இலத்திரன் வண்டிச் சில்லுப் போல ஒரே பாதையில் சுற்றுவதில்லை என்று ஆசிரியை எச்சரித்து அனுப்பினார். உயர்தரத்தில் படிக்கப்போகும் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.)

ஒரே எண்ணிக்கை வெளி இலத்திரன் உள்ளவை ஒரே சாயலில் நடந்துகொள்ளும். ஆவர்த்தன அட்டவணையில் அவை ஒரே நிரலில் மேலும் கீழுமாக இருக்கும். குளோரீனுக்குக் கீழே சற்றுத் தள்ளி அயடீன். அதற்கும் வெளியில் 7. உப்புப் பைக்கற்றில் 'அயடீன் சேர்க்கப்பட்டது' என்று பார்த்திருப்பீர்கள். கழுத்துக் கழலை வராமலும், வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றாமலும் இருக்க, 1995 முதல் இலங்கையில் சாப்பாட்டு உப்பில் இதைச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். சேர்ப்பது தனி அயடீனை அல்ல, பொட்டாசியம் அயடேற்று என்ற சேர்வையை. ஈரமும் வெயிலும் சூடும் பட்டால் அயடீன் குறையும். ஆகவே உப்பை மூடிய போத்தலில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

இன்னொரு நிரலைப் பற்றியும் சொல்ல ஆசை. அது எங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டது. காபனுக்கு 6 இலத்திரன்: 2, 4. அதற்கு நேர் கீழே சிலிக்கன், 14 இலத்திரன்: 2, 8, 4. இரண்டுக்கும் வெளியில் நாலு. சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று பல வருடம் சொன்னார்கள். நாங்கள் ஊர் திரும்ப முடியாமல் கிடந்த காலமும் அதுதான். நிலக்கரி என்றால் பெரும்பாலும் காபன். 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்சக்தித் திட்டத்துக்கு அடிக்கல் வைக்கப்பட்டது. சூரியத் தகடு என்றால் சிலிக்கன். காபன் எரியும்போது அதன் வெளி இலத்திரன்கள் ஒட்சிசனோடு பங்கு போட்டுச் சூட்டைத் தருகின்றன, புகையும் வருகிறது. சிலிக்கன் தகட்டிலோ எதுவும் எரிவதில்லை. வெயில் பட்டதும் இலத்திரன் பிணைப்பிலிருந்து விடுபட்டு நகர்கிறது. அந்த நகர்வுதான் மின்சாரம். எங்கள் காணிகளின் கதையை இந்த அட்டவணையின் ஒரே நிரலில் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

சரி, மறுபடியும் உப்பு. அன்றைக்கு நாங்கள் ஒரு பரிசோதனையும் செய்தோம். மூன்று கண்ணாடிக் குவளை. ஒன்றில் பீப்பாயில் பிடித்த மழைத் தண்ணீர். ஒன்றில் அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில் மழைத் தண்ணீரோடு இரண்டு கரண்டி உப்பு. ஒன்பது வோல்ற்று பற்றரி ஒன்று, சின்ன எல்.ஈ.டி குமிழ் ஒன்று, இரண்டு பக்கமும் சீவிய பென்சில் இரண்டு. பென்சில் கூர்கள் தண்ணீருக்குள். மழைத் தண்ணீரில் குமிழ் எரியவில்லை. உப்புத் தண்ணீரில் பளிச்சென்று எரிந்தது. கிணற்றுத் தண்ணீரில் மங்கலாக எரிந்தது.

தண்ணீரில் உப்புப் போட்டால் காணாமற் போகிறதே, எங்கே போகிறது? அயன்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போகின்றன. ஒவ்வொன்றையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. அந்த அயன்கள் நகர்வதால்தான் மின் கடந்து போகிறது, குமிழ் எரிகிறது. இதை முதலில் சொன்னவர் சுவீடன் நாட்டின் அரீனியஸ். 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வை ஆசிரியர்கள் நம்பவில்லை, குறைந்த தரத்தில்தான் சித்தி கொடுத்தார்கள். 1903இல் அதே கருத்துக்காக அவருக்கு இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. என்னுடைய 'எஸ்' சித்தியை நினைத்து அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

பிறகு குமிழைக் கழற்றிவிட்டுப் பற்றரியை நேராகப் பென்சில்களோடு பிடித்தோம். இரண்டு கூரிலும் சிறு குமிழிகள். பிள்ளை குனிந்து மணந்து பார்த்தாள். "அம்மா! கிணத்துக்குப் போடுற தூள் மணம்!"

எல்லோருக்கும் அந்த மணம் தெரியும். 2015, 2016இல் ஊர் திரும்பியபோது பாழாய்க் கிடந்த கிணறுகளை இறைத்து, ரி.சி.எல் தூள் போட்டுத்தானே தண்ணீர் எடுத்தோம். மறை முனையில் வந்தது ஐதரசன் வாயு. நேர் முனையில் குளோரைட்டு அயன், தான் வாங்கி வைத்திருந்த அந்த ஒற்றை இலத்திரனைப் பறிகொடுத்து மறுபடியும் குளோரீன் ஆகிவிட்டது. சமையலறை உப்புக்குள் இருந்து, கண் முன்னாலே. உடனே பற்றரியை எடுத்துவிட்டோம். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் வெளியில் காற்றோட்டமான இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் செய்ய வேண்டாம்.

ரி.சி.எல் தூள் கிருமியைக் கொல்கிறது, கறியுப்பு அப்படிக் கொல்வதில்லை. ஏன்? உப்பிலுள்ள குளோரைட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அது அமைதியாக இருக்கிறது. தூளிலுள்ள குளோரீனோ இலத்திரனுக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கும் நிலையில் இருக்கிறது. கிருமியின் உடற்பொருளிலிருந்து அதைப் பிடுங்கிக் கொள்கிறது. கிருமி சாகிறது.

இங்கே ஒரு முக்கியமான விடயம். கொஞ்ச நாளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு தங்கச்சி மலசலகூடம் கழுவும்போது, கூடச் சுத்தமாகும் என்று நினைத்து, வெளிற்றும் திரவத்தோடு அமிலத் திரவத்தையும் ஊற்றிவிட்டார். கதவு சாத்தியிருந்தது. இருமிக்கொண்டே வெளியில் வந்து விழுந்தார். நல்ல வேளை, அயலவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், பிழைத்தார். நடந்தது என்ன? அமிலம் பட்டதும் வெளிற்றும் திரவத்திலிருந்து குளோரீன் வாயுவாக வெளியேறியது. 1915இல் அந்தப் போர்க்களத்தில் திறந்துவிட்ட அதே வாயு. போத்தல் இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் பயமில்லாமல் வாங்குகிறோம். சகோதரிகளே, வெளிற்றும் திரவம், ரி.சி.எல் தூள் எதையும் அமிலத்தோடோ, தேசிக்காய், வினாகிரியோடோ, அமோனியா உள்ள திரவத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். ஒன்றைப் பாவித்தால் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பின், இன்னொரு நாள் மற்றதைப் பாவியுங்கள். தவறிக் கலந்து மணம் அடித்தால், கழுவி முடிக்கிறேன் என்று நிற்காமல் உடனே வெளியேறிக் காற்றுள்ள இடத்துக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், அது இலவசம். கிணற்றுக்கு எவ்வளவு தூள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போடுங்கள். கையால் அள்ளி மதிப்பாகப் போட வேண்டாம்.

அயன்கள் உயிர் காத்த கதையும் ஒன்று உண்டு. முகாம் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அது நெஞ்சில் தைக்கும். 1971இல் வங்கதேசப் போரின்போது இந்தியாவின் மேற்கு வங்கத்துக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். பங்கான் என்ற ஊரில் வாந்திபேதி. ஆஸ்பத்திரித் தரையில் கால் வைக்க இடமில்லை. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்து கொண்டிருந்தது. திலீப் மகலானபிஸ் என்ற வைத்தியர் கறியுப்பு, அப்பச் சோடா, குளுக்கோசு மூன்றையும் அளந்து பைகளில் கட்டி, தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். குடிக்கக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாதிகள்கூட இல்லை, நோயாளியின் தாயும் சகோதரியும்தான். அதற்கு முன் நூற்றுக்கு 20, 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அவருடைய சிகிச்சை பெற்றவர்களில் இறப்பு நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. நாம் 'ஜீவனி' என்று வாங்கிக் கரைப்பது அந்த வழியில் வந்ததுதான். வயிற்றோட்டத்தில் தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், குளோரைட்டு அயன்களும் உடலை விட்டுப் போகின்றன. வெறும் தண்ணீர் குடித்தால் குடல் அதைப் பிடித்து வைப்பதில்லை. குளுக்கோசும் சோடியம் அயனும் சேர்ந்து வந்தால் இரண்டும் கைகோத்துக் குடற்சுவருக்குள் போகும், தண்ணீர் பின்னால் போகும். சீனி தனியே போதாது, உப்பு தனியே போதாது என்பதன் காரணம் இதுதான். பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரைச் சரியாக ஊற்றுங்கள். தண்ணீரைக் குறைத்தால் உப்புக் கூடி, சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகும்.

கடைசியாக, அந்த மங்கலாக எரிந்த குமிழ். அக்காவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. "அப்ப என்ர கிணத்துத் தண்ணியிலயும் உப்பு ஏறிட்டுது எண்டு சொல்லுறீங்க."

குமிழ் எரிவது அயன் இருக்கிறது என்பதற்குச் சாட்சிதான், எந்த அயன் என்று அது சொல்லாது. எந்தக் கிணற்றிலும் கொஞ்சம் அயன் இருக்கும். கல்சியம் அயன் கூடினால் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். சோடியமும் குளோரைட்டும் கூடினால் உவர்க்கும். கொதிக்க வைத்தால் உவர்ப்புப் போகுமா என்று கேட்டார்கள். போகாது. தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், அயன்கள் அங்கேயே இருக்கும், இன்னும் கூடக் கரிக்கும். துணியில் வடித்தாலும் அயன்கள் நூலிடையால் ஓடிவிடும். கொதிக்க வைப்பது கிருமிக்காக மட்டும்.

எங்கள் ஊர் கொட்டியாரக் குடாவின் கரை. கடல் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது பாரம். மழையால் நிலத்தில் இறங்கும் நன்னீர் இலேசு. கரையோர நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், கீழிருந்து உவர் எழும்பி வரும். வாளியால் அள்ளிய காலத்தில் நல்ல தண்ணீராக இருந்த கிணறு மோட்டார் வந்தபின் உவர்ப்பது அதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். கூரைத் தண்ணீரைக் குழிவெட்டிக் கிணற்றடிக்கு அருகே நிலத்துக்குள் விட வேண்டும். ஒரு மாரியில் முழுதாகச் சரி வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

போன கிழமை அந்த வீட்டுப் பக்கம் போனேன். மோட்டார் காலையில் கால் மணித்தியாலம், மாலையில் கால் மணித்தியாலம் என்று சுவரில் கரியால் எழுதியிருந்தது. எழுத்து மகளுடையது. குசினித் திண்ணையில் பற்றரியும் பென்சிலும் அப்படியே இருந்தன. ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடியும் குமிழை எரித்துப் பார்க்கப் போகிறார்களாம். பிள்ளை முற்றத்தில் குந்தியிருந்து மக்னீசியத்துக்குக் கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "2, 8, 2. அப்ப ரெண்டைக் குடுக்கும். குளோரீன் ஒண்டுதானே வாங்கும், மிஸ்?" என்று தொடங்கினாள். நான் பதில் சொல்ல வாயெடுக்க, இடியப்ப உரலோடு உள்ளே இருந்த அக்காவின் குரல் வந்தது.

"ரெண்டு குளோரீனைக் கூப்பிடு, பிள்ளை."